ஜனவரிக்குத் தள்ளிய கல்யாணம்

மார்ச் 6, 2023. திங்கள்

இன்று வந்த ஜோடியை மறக்க முடியாது. இருவரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். அவன் அவளுடைய தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான். அவள் அவனுக்கும் சேர்த்துத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு, கல்யாணத்தை ரத்து செய்ய வேண்டும் என்றார்கள்.

வந்தவர்களை எங்கள் வக்கீல், அட்டர்னி மாகரைக், உள்ளே கூப்பிடும்வரை வழக்கமான கேள்விகளைக் கேட்பது என் வேலை. கல்யாணத்தன்று இரண்டு பேருக்கும் பதினெட்டு முடிந்திருந்ததா, இருபத்தொன்றுக்குள் என்றால் பெற்றவர்கள் சம்மதித்தார்களா? யாராவது மிரட்டிக் கட்டி வைத்தார்களா? ஏமாற்றிக் கட்டினார்களா, அதாவது வேறொருவர் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, இல்லையென்றால் ஜெயிலில் இருந்ததை மறைத்து? ஏற்கெனவே கல்யாணமானவரா? சித்தம் சரியில்லாதவரா? கட்டி வைத்தவருக்கு அதிகாரம் இருந்ததா, கையில் உரிமம் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் நல்ல பிள்ளைகள் மாதிரி பதில் சொன்னார்கள். ஒரு ஓட்டை இல்லை.

"அப்புறம் எதுக்குங்க ரத்து?" என்று கேட்டேன்.

"போரடிக்குது" என்றாள் அவள்.

"ரெண்டு பேருக்குமே" என்று அவன் சேர்த்துக்கொண்டான்.

அட்டர்னி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "போரடிக்கறதெல்லாம் காரணம் ஆகாது. இந்த நாட்டுல விவாகரத்தும் கிடையாது. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. கல்யாணத்தன்னிக்கே உங்கள்ல ஒருத்தருக்குக் குடும்பம் நடத்தற மனசுத் தெம்பு இல்லேன்னு நிரூபிக்கணும். யாருக்கு இல்ல?"

இருவரும் ஒரே நேரத்தில் அடுத்தவரைக் கை காட்டினார்கள். சிரிப்பு தாங்கவில்லை அவர்களுக்கு.

"மொதல்ல இப்படிச் சேந்து சிரிக்கறத நிறுத்துங்க. பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்கன்னு அரசு வக்கீல் கேஸையே தூக்கிப் போட்டுடுவாரு."

இந்த அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் நடப்பேன். நடந்தால் என்ன? என்னுடையதில் ஓட்டை இல்லை.

மார்ச் 9

என் புருஷன் சாந்தோ சேவலுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒருநாளும் உரித்துக்கூடத் தந்ததில்லை. கப்பல் வேலையை விட்டு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்னும் தெரியாது. ஆனாலும் வீட்டில் ஓர் ஆண் குரல் கேட்டுக்கொண்டே இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19, ஞாயிறு

எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. முதலிலிருந்தே எழுதுகிறேன்.

மதியம் மாட்டெலும்பு சூப். மகள் மிராசோல் லிபா நகரத்திலிருந்து வந்திருந்தாள். அவளும் அந்த ஜெரிக்கோ பையனும் நாள் குறித்துவிட்டார்கள், டிசம்பர் முப்பது. மாமியார் பாசிங்குக்கு எண்பத்தொரு வயது. எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இந்த வருஷம் நம்ம வீட்ல வேற கல்யாணம் எதுவும் இல்லையே?"

"நான் ஒத்தப் புள்ள பாட்டி. எனக்குப் போட்டியா யாரு கல்யாணம் பண்ணிக்கப் போறா?"

"இருந்தாலும் கேட்டு வச்சுக்கணும். ஒரே வருஷத்துல ஒரே வீட்ல ரெண்டு கல்யாணம் நடந்தா சுக்கோப். ஒண்ணோட அதிர்ஷ்டத்த இன்னொண்ணு தின்னுடும். உங்கப்பனுக்கே அப்படி ஆகப் பாத்துச்சு. டிசம்பர்ல கல்யாணம்னு எல்லாம் பேசி முடிச்சாச்சு. நவம்பர்ல இவன் அண்ணன் ஒருத்திய இழுத்துட்டு வந்து, இவளக் கட்டியாச்சும்மான்னு நிக்கறான். நான் விட்டேனா? அன்னிக்கே இவன் கல்யாணத்த ஜனவரிக்குத் தள்ளிட்டேன். பாரு, எவ்வளவு நல்லா இருக்காங்க!"

சாந்தோ சோற்றில் சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "ஆமா, லைசென்ஸெல்லாம் ஆகஸ்ட்லயே வாங்கி வச்சிருந்தேன். நடுவுல கப்பல் ஏறணுமே. கவலையே இல்லாம இருந்தேன்."

கையிலிருந்த எலும்பைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட். உரிமத்தைக் கையில் வாங்கியது அப்பாவின் பிறந்த நாளுக்கு முந்தின நாள். திரும்பும் வழியில்தான் அவருக்குக் கேக் வாங்கினோம். அப்படியென்றால் ஆகஸ்ட் இருபத்தெட்டு. உரிமத்தின் ஆயுள் நாலு மாதம். வருகிறவர்கள் எல்லோரிடமும் நான்தானே சொல்கிறேன். கிறிஸ்துமஸ் மறுநாளோடு அது செத்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணம் நடந்தது ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று. பாதிரியாருக்குப் பாவம், கண் சரியாகத் தெரியாது. தேதியை யார் பார்த்தார்கள்?

உரிமம் இல்லாத கல்யாணம். ரத்து செய்யக்கூட வேண்டாம், ரத்து செய்ய அங்கே ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே செல்லாது.

"என்னடி, எலும்புல சதையே இல்லையா?" என்று மாமியார் கேட்டார். இருக்கிறது அத்தை என்றேன்.

மார்ச் 20

கல்யாணப் பத்திரம் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் அட்டர்னியிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "ஒரு கட்சிக்காரங்க போன்ல கேட்டாங்க. லைசென்ஸ் காலாவதி ஆனப்புறம் கல்யாணம் நடந்திருக்காம். இருபத்தேழு வருஷமா நல்லாத்தான் குடும்பம் நடத்தறாங்களாம்."

"நல்லா நடத்தறவங்க எதுக்கு நமக்குப் போன் பண்றாங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"செல்லாதுதான். எத்தன வருஷம் ஆனாலும் செல்லாது. வருஷம் ஆக ஆகச் செல்லுபடியாக அது என்ன, ஒயினா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, ஆனால் கண் கூர்மை. "நோரிங்கக்கா... உங்க கல்யாணம் ஜனவரியில தானே?"

நான் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன்.

மார்ச் 21

அவளிடம் சொல்லிவிட்டேன். எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை, அதுவே பெரிய உபகாரம்.

மார்ச் 26, ஞாயிறு

இன்னும் சாந்தோவிடம் சொல்லவில்லை. எதற்குப் பயப்படுகிறேன்? நேற்றுவரை எப்படி இருந்தோமோ அப்படியேதான் இருக்கிறோம். அவன் குறட்டை மாறவில்லை. பூசைக்கு ஒன்றாகத்தான் போய் வந்தோம்.

பயம் எதற்கென்று எனக்குத் தெரியும். இங்கே யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன்.

சாந்தோ என்னைக் கேட்கவே இல்லை. என் அப்பாதான் அவனுக்கு முதல் கப்பல் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றியில் எங்கள் வீட்டுக்கு வந்து போவான், கோழி கொண்டு வருவான், அப்பாவோடு உட்கார்ந்து பேசுவான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கு? பெண் கேட்டு வந்தபோது அவன் பசிபிக்கில் எங்கேயோ இருந்தான். வந்தது மாமியார்தான், பலகாரத் தட்டுகளோடு. ஊர் திரும்பியவன் கிணற்றடியில் என்னைப் பார்த்து, "எல்லாம் சரிதானே?" என்றான். "சரிதான்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. கல்யாணமான மூன்றாம் நாள் கப்பல் ஏறிவிட்டான்.

நல்லவன். கை நீட்டியதில்லை, வெளியே எந்தக் கதையும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறேன், இருக்கிறேன். ஆனால் என்னைத் தேர்ந்தெடுத்தானா, அல்லது அப்பாவுக்கு நன்றி சொன்னானா? இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டேன். கேட்டு என்ன ஆகப்போகிறது, கட்டியாகிவிட்டதே என்று நினைத்தேன்.

இப்போது கட்டவில்லையாமே. கதவு திறந்து கிடக்கிறது. அவன் போகலாம். வக்கீல் வேண்டாம், மனசுத் தெம்பு இல்லை என்று யாரும் நிரூபிக்க வேண்டாம்.

சொல்லத்தான் வேண்டும். தெரியாமல் இருப்பவனைத் தங்க வைத்துக்கொண்டால் அதற்கு என்ன மதிப்பு?

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்து வந்து குருத்தோலையை வாசலில் செருகினேன். அவன் கொல்லையில் சிவப்புச் சேவலின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், கட்சிக்காரருக்குச் சொல்கிற மாதிரியே. ஆகஸ்ட், நாலு மாதம், ஜனவரி. அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப... நான் பிரம்மச்சாரியா?"

"சட்டப்படி."

"ஐம்பத்து மூணு வயசுல!"

சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள். பிடி தளர்ந்து சேவல் பக்கத்து வீட்டுக் கூரைக்கே போய்விட்டது. நானும் சிரித்தேன். இருவரும் ஏணி போட்டுச் சேவலைப் பிடித்தோம். அப்புறம் அடுப்படிக்கு வந்து அழுதேன். சிரிச்சுட்டான். அவ்வளவுதான். சிரிச்சுட்டுச் சேவல் பின்னாடி போய்ட்டான். வேற என்ன பண்ணுவான்னு நெனச்சே நீ? நோரிங், உனக்கு ஐம்பது வயசு. மூக்கத் தொடச்சுட்டு சோத்த வை.

ஏப்ரல் 5

ஊருக்கே தெரிந்துவிட்டது. சேவல் சண்டைக் களத்தில் சாந்தோவே சொல்லியிருக்கிறான். மீன்காரன் என்னிடம், "பிரம்மச்சாரி வீட்ல இருக்காரா?" என்று கேட்கிறான். மிராசோல் போனில், "அப்ப நான் கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்தவளா? அம்மா, உன்ன எவ்வளவு நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்!" என்று கத்திச் சிரித்தாள்.

சிரிக்காதது மாமியார் மட்டும்தான். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "பாதிரியார் கட்டி வச்ச கல்யாணம் எப்படிடி செல்லாமப் போகும்?" என்று கோயிலுக்கே போய்க் கேட்டிருக்கிறார். கோயில் கணக்கில் கல்யாணம் கல்யாணம்தான், அரசாங்கக் கணக்கில்தான் தகராறு என்று இப்போதுள்ள பாதிரியார் சொல்லி அனுப்பினாராம்.

"என்னாலயா நோரிங்?" என்று கேட்டார்.

"நீங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க அத்தை."

"நல்லதுக்குப் பண்ணி உன்ன வப்பாட்டி ஆக்கிட்டேனேடி!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும்தான். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

ஏப்ரல் 13

ஈஸ்டர் முடிந்ததிலிருந்து சாந்தோ தினமும் காலையில் வெளியே போகிறான். குளித்து, தலைக்கு எண்ணெய் தடவி, இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு. மதியம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்புகிறான். எங்கே என்றால், "சும்மா ஒரு வேலை". சேவலுக்குத் தீனி வைப்பதும் நானே.

பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே சொன்னாள்: "லோமிக் கடைப் பக்கமா போறாரு." அந்த லோமி நூடுல்ஸ் கடையை நடத்துகிறவள் விதவை. பளிச்சென்று இருப்பாள். நூடுல்ஸும் நன்றாகத்தான் செய்கிறாள்.

போகட்டும். கதவ நான்தானே தெறந்து விட்டேன்? சொல்லாமலே இருந்திருக்கலாம். யாரு கேட்டா? சட்டம் படிச்சவ மாதிரி ஆகஸ்ட், ஜனவரின்னு நீட்டி முழக்கி... உனக்கு வேணும்டி.

ஏப்ரல் 14, வெள்ளி

அண்ணன் எலாடியோ போன் செய்தான். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரியவன் அவன்தான். சாந்தோவை அவனுக்கு எப்போதும் அவ்வளவாகப் பிடிக்காது.

"உன் புருஷன்... சரி, அந்த ஆளு. இங்க எங்க கிணத்துல தண்ணி எறைச்சுக்கிட்டிருக்கான்."

"எதுக்கு?"

"நானும் கேக்கல. திங்கக்கெழம வந்தான். கோடாலிய எடுத்தான், வெறகு பொளந்தான். அடுத்த நாள் தொட்டி நெறைய தண்ணி. நேத்து வேலிக்கு மூங்கில் வெட்டிட்டு வந்தான். சரி, வேலி முடியட்டும், அப்புறம் கேப்போம்னு இருந்தேன்."

"அண்ணே!"

"இன்னிக்குத்தான் கேட்டேன். பொண்ணு வீட்ல வேலை செஞ்சு குடுத்துட்டுத்தான் பொண்ணு கேக்கணுமாமே. போன தடவ அவங்கம்மாவ அனுப்பிட்டுக் கப்பல்ல ஒக்காந்திருந்தானாம், அந்தக் கடன இப்ப தீக்கறானாம். கை பூரா கொப்புளம். பாவமா இருக்குன்னு நெனச்சிடாத. பின்பக்க வேலி இன்னும் பாக்கி."

லோமிக் கடை அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. எனக்கு அது தெரியாதா என்ன!

மாலை அவன் வந்தான். கை கழுவத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். கொப்புளங்களைப் பார்த்தேன். எனக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

ஏப்ரல் 16, ஞாயிறு

மதியம் வரச்சொல்லி அண்ணன் கூப்பிட்டிருந்தான். போனேன். சாந்தோ எனக்கு முன்பே வந்திருந்தான். அன்னாசி நார்ச் சட்டை, கல்யாணத்துக்குப் போட்டது, வயிற்றில் பொத்தான் சேரவில்லை. மாமியார் வரவில்லை.

"அம்மா வேணாம்னுட்டேன். போன தடவ அவங்கதான் கேட்டாங்க. இந்தத் தடவ நான் கேக்கறேன்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, நீதிபதி மாதிரி, "ம், கேளு" என்றான்.

சாந்தோ தொண்டையைக் கனைத்தான். ஏதோ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான், பாதியில் மறந்துவிட்டது. என்னைப் பார்த்தான்.

"உங்கப்பாவுக்கு நன்றி சொல்லத்தான் நான் உன்னக் கட்டினேன்னு நெனச்சுக்கிட்டிருக்கியாம். எலாடியோ சொன்னான்."

அண்ணன் கூரையைப் பார்த்தான். அவனிடம் எப்போதோ ஒருமுறை சொல்லி அழுதது, எவ்வளவு வருடம் ஆகிறது!

"நோரிங், நன்றின்னா ஒரு பன்னிய அனுப்பியிருப்பேனே. நல்ல கொழுத்த பன்னியா. அதுக்கு எதுக்கு நானு? உங்க வீட்டுக்கு அத்தன கோழி கொண்டாந்தேனே, உங்கப்பாவுக்கு எத்தன கோழிதான் வேணும்? நீ கதவத் தெறக்கறதுக்குத்தான் வந்தேன். கேக்க வாய் வரல. கப்பல்ல ஏறினதும் அம்மாவுக்குப் போன் பண்ணி, வேற எவனாவது கேக்கறதுக்குள்ள போய்க் கேளும்மான்னு சொன்னேன். அத உங்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. தெரியும்னு நெனச்சேன்."

கைப்பையில் கைக்குட்டையைத் தேடினேன். அவன் நிறுத்தவில்லை.

"இப்ப நீ கல்யாணமாகாதவ. நானும்தான். யாரும் யாரையும் கட்டி வைக்கல. என்னக் கட்டிக்கறியா?"

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் கேட்டவுடன் சரி என்று சொல்வதில்லை. எனக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை, போன தடவை.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

"அப்படிச் சொல்லு!" என்று அண்ணன் தொடையில் தட்டினான். "பின்பக்க வேலியும் முடிஞ்சிடும்."

ஏப்ரல் 17

யோசிக்கிறேன். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே யோசிக்கிறேன். அட்டர்னி, "கட்சிக்காரங்க முன்னாடி பல்லக் காட்டாதீங்கக்கா, அழுதுட்டு வர்றவங்க பயந்துடுவாங்க" என்றாள்.

ஏப்ரல் 20

சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

நினைத்தது நடந்தது. மாமியார் பஞ்சாங்கக்காரர் மாதிரி உட்கார்ந்து கணக்குப் போட்டார். பேத்திக்கு டிசம்பரில் கல்யாணம். அதே வருடத்தில் அப்பா அம்மாவுக்கும் கல்யாணமா?

"சுக்கோப் கூடப்பொறந்தவங்களுக்குத்தானே பாட்டி?"

"அப்பா அம்மாவுக்குக் கிடையாதுன்னு எங்கயும் சொல்லல. எங்க காலத்துல எவளும் மக கூடச் சேந்து கல்யாணம் பண்ணிக்கல, அதான் சொல்லல. எதுக்கு வம்பு? நீங்க ரெண்டு பேரும் ஜனவரியில வச்சுக்கங்க."

எல்லோரும் சாந்தோவைப் பார்த்தோம். தாயை எதிர்த்து அவன் பேசி நான் கண்டதில்லை. அண்ணன் கல்யாணத்துக்காகத் தன்னுடையதைத் தள்ளிப்போட்டபோதும் சரி என்றவன்தான்.

"வேணாம்மா" என்றான் மெதுவாக. "ஒரு தடவ ஜனவரிக்குத் தள்ளி, இருபத்தேழு வருஷம் கல்யாணமாகாமலே இருந்துட்டேன். இனிமே ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன்."

மாமியார் கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சின்னவ தள்ளிக்கட்டும்" என்றார்.

"எனக்கென்ன, ஜனவரியே இருக்கட்டும்" என்றாள் மிராசோல். "அம்மா கல்யாணத்துல தோழியா நிக்கறது யாருக்குக் கெடைக்கும்? எந்த நாளு?"

டிசம்பர் பதினாறு என்றேன். அன்றைக்குக் குறித்த அதே நாள். மிராசோல் காலண்டரைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை என்றாள். அப்போதும் சனிக்கிழமைதான். அவளுக்கு மூன்று ராஜாக்கள் திருநாள் வாய்த்தது. கொடுத்துவிட்டேன். நல்ல நாள்தான் அது, எங்களுக்குத்தான் உரிமம் இல்லாமல் போயிற்று.

ஏப்ரல் 24

அட்டர்னியிடம் வழி கேட்டேன்.

"வேற ஆளக் கட்டறதா இருந்தா மொதல்ல கோர்ட்டுக்குப் போகணும். அதே ஆளத்தான் கட்டப் போறீங்க, யாரு வந்து தடுக்கப் போறா? மேயர் கட்டி வைக்கட்டும். இன்னொண்ணு தெரியுமாக்கா? இந்தத் தடவ உங்களுக்கு உரிமமே வேணாம்."

"என்னது?"

"தடை எதுவும் இல்லாம அஞ்சு வருஷம் புருஷன் பொண்டாட்டியா சேந்து வாழ்ந்தவங்களுக்கு உரிமம் தேவையில்ல. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும். பலபேர் பொய்ச் சத்தியம் பண்ணுவாங்க. நீங்க நெசமாவே பண்ணலாம். நீங்க கட்டிக்கிட்டதும் மிராசோலுக்கும் எல்லாம் முறையாயிடும், அதுக்குண்டான வேலைய நான் பாத்துக்கறேன்."

உரிமத்தால் கெட்ட கல்யாணம், உரிமமே இல்லாமல் நடக்கப் போகிறது. மாமியாரிடம் சொன்னேன். "இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அப்போது எங்கே அத்தை ஐந்து வருடம் வாழ்ந்தோம்?

ஜூன் 3

சிரிக்கும் ஜோடியை லோமிக் கடையில் பார்த்தேன். ஒரே கிண்ணம், இரண்டு கரண்டி. என்னைப் பார்த்ததும் அவள் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, "இன்னும் காரணம் தேடிக்கிட்டிருக்கோம்" என்றாள். தேடட்டும். நூடுல்ஸ் ஆறுவதற்குள் கிடைக்காது.

நவம்பர் 27, திங்கள்

சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து போடும் நாள். மதியம் சாந்தோ அலுவலகத்துக்கு வந்தான். அட்டர்னி படித்துக் காட்டினாள்: குறைந்தது ஐந்து ஆண்டுகள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தோம் என்று. பேனாவைக் கொடுத்தாள். இவன் வாங்கவில்லை.

"சேந்துன்னா... ஒரே வீட்லயா அட்டர்னி?"

"ஏன் கேக்கறீங்க?"

"நான் கப்பல்ல இருந்தேனே. பத்து மாசம் கடல்ல, ரெண்டு மாசம் வீட்ல. சில வருஷம் அதுவும் இல்ல." விரல்களை மடக்க ஆரம்பித்தான். மிராசோல் பிறந்தபோது எத்தனை வாரம், அப்பா இறந்தபோது எத்தனை நாள், புயலில் கூரை போனபோது... முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அட்டர்னி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் தடுத்துவிட்டேன். எண்ணி முடிக்கட்டும் என்று தோன்றியது. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"ஏழு வருஷம்கூட முழுசா வரல" என்றான் கடைசியில்.

இருபத்தேழு இருபத்தேழு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. ஏழுகூட இல்லையாம். மற்ற வருடமெல்லாம் நான் தனியாக, அவன் தனியாக.

"வேலைக்குப் போனதெல்லாம் பிரிஞ்சதா ஆகாதுங்க" என்றாள் அட்டர்னி. "சட்டத்துக்கு இருபத்தேழுதான்."

"சட்டத்துக்குச் சரி" என்றான் சாந்தோ. என் பக்கம் திரும்பினான். "உனக்கு இருபது வருஷம் பாக்கி வச்சிருக்கேன் நோரிங். அவ்வளவு நாள் இருக்கேனோ என்னவோ."

"இருந்துதான் ஆகணும்" என்றேன். "கையெழுத்தப் போடு."

போட்டான். நானும் போட்டேன். அட்டர்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முத்திரை எங்கே, முத்திரை எங்கே என்று தேடினாள். அது மேசைமேல் அவள் முன்னாலேயே இருந்தது.

டிசம்பர் 12

மிராசோலையும் ஜெரிக்கோவையும் நானே அழைத்துப் போய் உரிமம் வாங்கிக் கொடுத்தேன். தேதியை மூன்று முறை பார்த்தேன். மாமியாருக்காக நாலாவது முறையும் படித்துக் காட்டினேன்.

டிசம்பர் 16, சனி

விடியற்காலைப் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் ஊதா அரிசிக் கேக் வாசனை வந்துகொண்டிருக்க, எதிரே நகராட்சி மண்டபத்தில் மேயர் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். அவரும் பூசையிலிருந்து நேராக வந்தவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டே பேசினார். தோழி மிராசோல். சாட்சிக்கு அட்டர்னியும் எலாடியோ அண்ணனும்.

"இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று மேயர் கேட்டதும் மண்டபமே மாமியாரைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன ஏன் பாக்கறீங்க? சீக்கிரம் கட்டி வைங்க, கேக்கு ஆறுது" என்றார்.

சாந்தோவின் கையில் கொப்புளம் இருந்த இடமெல்லாம் காய்த்துத் தடித்திருந்தது. மோதிரம் பழையதுதான்.

டிசம்பர் 18, திங்கள்

கல்யாணமான மூன்றாம் நாள். போன தடவை இந்நேரம் அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டு நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது கொல்லையில் சிவப்புச் சேவலிடம் ஏதோ நியாயம் பேசிக்கொண்டிருக்கிறான். காபி போட்டு மூடி வைத்திருக்கிறான், எனக்கும் சேர்த்து. ஆறுவதற்குள் போய்க் கூப்பிட வேண்டும்.